அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க!

தென்னேரி போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரம் மாவட்டம். வாலாஜாபாத்துக்குப் பக்கம். ஊரைவிட ஏரி பெரிசு. தொண்டைமான் இளந்திரையன் வெட்டிய ஏரி, திரையனேரிதான் தென்னேரி ஆகிவிட்டது என்று சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்து கலங்கல் வழிகிற சமயத்தில் போனால், கரையில் நின்று கடல் பார்க்கிற மாதிரி பார்க்கலாம்.

நான் போனது ஏரி பார்க்கத்தான். பார்த்துவிட்டு வந்தது வேறு ஒன்றை.

அங்கே எனக்கு ஒரு சித்தப்பா. பால் வியாபாரம். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு விடிகாலையில் கிளம்புகிறவர். வண்டியோடு வந்த கேரியர் அவருக்குப் போதவில்லை. கேன் ஆடாமல் உட்காருவதற்கு ஒரு இரும்பு ஃப்ரேம் வேண்டும். கடையில் இந்தச் சாமான் கிடைக்காது. எந்த கம்பெனியும் செய்வதில்லை. ரோட்டோரம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்கிறார்கள். தன் சொந்த வண்டிக்காக அந்தப் பட்டறைக்காரர் எப்போதோ செய்து மாட்டிக்கொண்டது. பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு என்று கேட்க, இப்போது அதுவே பாதித் தொழில் ஆகிவிட்டது.

சித்தப்பா விலை கேட்டார்.

“எண்ணூறு ஆகும் மாமா. முந்நூறு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க. அடுத்த புதன்கிழமை வந்து மாட்டிக்கலாம்.”

“முழுசா செஞ்சு முடி, மொத்தமா தர்றேனே?”

“பைப்பு வாங்கணுமே மாமா. கையில இருந்து போட்டா எனக்குக் கட்டாது.”

முந்நூறு ரூபாய் கை மாறியது. மூலை மடிந்த ஒரு நாற்பது பக்க நோட்டில் சித்தப்பா பெயர் ஏறியது. அவ்வளவுதான். பாங்க் இல்லை, ப்ராஜக்ட் ரிப்போர்ட் இல்லை, பார்ட்னர் இல்லை. பொருள் இன்னும் பிறக்கவே இல்லை. ஆனால் விற்றாகிவிட்டது.

நான் பி.காம் படித்தவன். அந்த நோட்டைப் பார்த்ததும் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அக்கவுண்டன்சி வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் கொடுத்த முன்பணத்தை பேலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் எழுத வேண்டும்? பரீட்சையில் பாதிப் பேர் சொத்துப் பக்கம் எழுதிவிட்டு வந்தோம். கைக்கு வந்த காசு சொத்துதானே? அந்தக் காசு சொத்துதான், சந்தேகமில்லை. ஆனால் அதே தொகையை எதிர்ப் பக்கத்தில், கடன் பக்கத்தில், கட்டாயம் எழுதியாக வேண்டும். பொருளைக் கையில் கொடுக்கிற வரைக்கும் அது அடுத்தவன் பணம்.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டவர், புரிந்துகொள்ளாதவர் என்று இரண்டு பேர் கதையைச் சொல்கிறேன். இரண்டு பேருமே அமெரிக்காவில், சிகாகோவில் தொழில் செய்தவர்கள். இரண்டு பேருமே வண்டிச் சாமான் விற்றவர்கள். ஒருவர் கம்பெனியின் பெயர் உங்களுக்குத் தெரியும். தென்னேரியிலிருந்து வண்டியில் கிளம்பினால் அரை மணி, முக்கால் மணியில் போய்விடுகிற ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வந்த கம்பெனி அது.

முதல் ஆள், பால் கால்வின். 1895-ல் இல்லினாய் மாகாணத்தில் ஹார்வர்ட் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். (பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் இல்லை, அது வேறு.) முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். 1921-ல் ஸ்டூவர்ட் என்ற நண்பரோடு சேர்ந்து விஸ்கான்சின் மாகாணத்தில் பேட்டரி கம்பெனி ஆரம்பித்தார். இரண்டே வருடம். வரி பாக்கிக்காக அரசாங்கம் பூட்டுப் போட்டுவிட்டது. மத்தியானம் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பினால் கதவில் சீல். உள்ளே மாட்டியிருந்த கோட்டைக்கூட எடுக்க விடவில்லை என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

மனிதர் அடங்கவில்லை. 1926-ல் சிகாகோவில் அதே நண்பரோடு மறுபடி பேட்டரி. 1928-ல் அதுவும் போச்சு. சாமான்கள் ஏலத்துக்கு வந்தன.

அந்த ஏலத்தில்தான் ஒரு வேடிக்கை. தன் சொந்த கம்பெனியின் ஒரு துண்டை, கால்வின் தானே ஏலத்தில் எடுத்தார். 750 டாலர். அதற்குப் பெயர் பேட்டரி எலிமினேட்டர். அந்தக் காலத்து ரேடியோ பெட்டிகள் பேட்டரியில் ஓடியவை. இந்தச் சாதனத்தை நடுவில் மாட்டினால் வீட்டு கரன்ட்டிலேயே ஓடும். அதை நம்பி, தம்பி ஜோவையும் சேர்த்துக்கொண்டு, 1928 செப்டம்பர் 25-ம் தேதி கால்வின் மானுஃபாக்சரிங் கார்ப்பரேஷன். பெயர்தான் நீளம். கையிருப்பு 565 டாலர். ஊழியர்கள் ஐந்து பேர். முதல் வாரச் சம்பளப் பட்டுவாடா 63 டாலர்.

அடுத்த வருடமே இரண்டு இடி. ஒன்று, நேராக கரன்ட்டில் ஓடுகிற ரேடியோக்கள் வந்துவிட்டன. எலிமினேட்டர் யாருக்கு வேண்டும்? இரண்டாவது, 1929 அக்டோபர். பங்குச் சந்தை சரிந்து அமெரிக்காவே உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவது முறையும் கோட்டை உள்ளே விட்டுவிட்டு வர வேண்டியதுதானா?

அந்தச் சமயத்தில் கால்வின் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சில ரேடியோ மெக்கானிக்குகள் வீட்டு ரேடியோவைப் பிரித்து மேய்ந்து காருக்குள் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கைவேலை. ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு மாதிரி. இருநூறு டாலருக்கு மேல் வாங்கினார்கள். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். காருக்கென்றே செய்த ரேடியோவும் அதற்கு முன்பே சந்தைக்கு வந்திருந்தது. ஆக, கார் ரேடியோவைக் கண்டுபிடித்தவர் கால்வின் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் யோசித்தது வேறு. எந்தக் காருக்கும் பொருந்துகிற மாதிரி, நடுத்தர ஆள் வாங்குகிற விலையில் ஒன்றைச் செய்ய முடியுமா?

சொல்வது சுலபம். காருக்குள் ரேடியோ வைத்துப் பாருங்கள், தெரியும். என்ஜினின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி மின்னல். பாட்டுக்குப் பதிலாக கரகரவென்று அப்பளம் நொறுக்குகிற சத்தம்தான் கேட்கும். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் ஆடும். ஏரியலை எங்கே வைப்பது? கூரைத் துணியைக் கிழித்து உள்ளே கம்பி ஓட்டினார்கள். காரின் சொந்த பேட்டரி போதாது என்று தனியாக டிரை பேட்டரிகள், அவற்றை வைக்க தரைப் பலகையை அறுத்து ஒரு பள்ளம். ஒரு காரில் மாட்டி முடிக்க நாள் கணக்கில் ஆகும். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்று இரண்டு இளைஞர்கள் கால்வினோடு சேர்ந்து ராத்திரி பகலாக இதில் கிடந்தார்கள். இதே லியர்தான் பிற்காலத்தில் லியர்ஜெட் விமானம் செய்தவர்.

காசு? பாங்க்குக்குப் போனார் கால்வின். பாங்க்காரரை அசத்த வேண்டும் என்று அவருடைய பேக்கார்டு காரிலேயே ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுத்தார்களாம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்து எரிந்ததாம். எந்த அளவுக்கு உண்மையோ, ஆனால் லோன் கிடைக்கவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

1930 ஜூன் மாதம். அட்லான்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. நாடு முழுவதிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். உள்ளே ஸ்டால் போட வேண்டும் என்றால் பணம் வேண்டும். கால்வினிடம் அது இல்லை. இருந்தது ஒரு ஸ்டூடிபேக்கர் கார், அதில் கடைசி நிமிடத்தில் பொருத்தி முடித்த ஒரே ஒரு ரேடியோ. மனைவி லில்லியனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிகாகோவிலிருந்து எண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு போனார். எண்ணூறு மைல் என்றால் சென்னையிலிருந்து கிளம்பி மும்பையே வந்துவிடும். 1930-ன் ரோடு, 1930-ன் கார். வழியில் ரேடியோ ஒரு தடவை வாயை மூடியிருந்தாலும் கதை முடிந்தது.

மூடவில்லை. மாநாட்டு அரங்குக்கு வெளியே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் காரை நிறுத்தினார். சத்தத்தை ஏற்றினார். நம் ஊரில் கட்சிக்காரர்கள் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டுவார்களே, அதே டெக்னிக். என்னடா இது, காருக்குள்ளேயிருந்து பாட்டு வருகிறதே என்று வியாபாரிகள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே உட்கார வைத்துக் காட்டினார். ஆர்டர் எழுதினார்.

கவனியுங்கள். காட்டுவதற்கு இருந்தது ஒன்று. எழுதிக்கொண்டது இன்னும் செய்யாத ரேடியோக்களுக்கு. சிகாகோ திரும்பும்போது கம்பெனி மூச்சுவிடுகிற அளவுக்கு ஆர்டர் கையில் இருந்தது.

ஆர்டர் என்பது காசு கிடையாது. காலேஜில் இதைத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் கடன் கேட்டுப் போகிற இடத்தில் வெறுங்கையை விட ஆர்டர் புத்தகம் நன்றாகப் பேசும். எவ்வளவு செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. கோடவுனில் தூங்குகிற சரக்கு இல்லை. கால்வின் மாதிரி ஏற்கெனவே இரண்டு முறை கவிழ்ந்தவருக்கு அது பெரிய விஷயம்.

அந்த முதல் மாடலுக்கு 5டி71 என்று நம்பர். மாட்டிக் கொடுப்பதையும் சேர்த்து 110 முதல் 130 டாலர் வரை. ரொம்ப மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஃபோர்டு மாடல்-ஏ காரே சுமார் 540 டாலருக்குக் கிடைத்த காலம் அது. காரில் நாலில் ஒரு பங்கு விலை பாட்டு கேட்க! நிறைய பேருக்கு எரிச்சலும் வந்தது. பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்டினால் டிரைவர் தூங்கிவிடுவார், கவனம் போய்விடும், தடை செய்ய வேண்டும் என்று மாசசூசெட்ஸில் சட்டம் போடுகிற அளவுக்குப் பேச்சு போனது.

பெயர் வைக்க வேண்டுமே. அப்போது பாட்டுப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் விக்ட்ரோலா மாதிரி ‘ஓலா’ என்று வால் இருந்தது. மோட்டார் வண்டியில் வைக்கிற ‘ஓலா’ என்ன?

மோட்டரோலா.

ஆமாம், அந்த மோட்டரோலாதான். 1947-ல் கம்பெனிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகு எல்லாம் சுகம் என்று நினைத்தால் தப்பு. 1930 நஷ்டத்தில்தான் முடிந்தது. ஆர்டர் எழுதி வாங்குவது ஒரு கஷ்டம் என்றால், எழுதியதைச் செய்து கொடுப்பது ஒன்பது கஷ்டம். ரேடியோக்கள் ரிப்பேராகித் திரும்பி வந்தன. ஊர் ஊராக ஆள் அனுப்பி, ரேடியோ மாட்டுவது எப்படி என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1934-ல் குட்ரிச் டயர் கம்பெனியோடு ஒப்பந்தம். டயர் மாற்ற வருகிறவர் ரேடியோவும் மாட்டிக்கொண்டு போகலாம். அப்போது மாட்டுகூலியோடு விலை 55 டாலர். நாலு வருடத்தில் பாதி. அங்கேதான் தொழில் நிலைத்தது. மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். போலீஸ் கார் ரேடியோ, உலகப் போரில் சிப்பாய் கையில் பிடித்த ஹேண்டி-டாக்கி, 1969-ல் நிலாவிலிருந்து பேச்சைக் கொண்டுவந்த கருவி, 1973-ல் முதல் கையடக்க செல்போன். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டதும் இதே கம்பெனிதான். கைமாறி லெனோவாவிடம் போன பிறகு, 2015-ல் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் ஆலையில் மோட்டோ போன்களைக் கோத்தார்கள்.

சரி, இரண்டாவது ஆள்.

பிரெஸ்டன் டக்கர். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். நாலு வருடமாக யாரும் புது கார் வாங்கவில்லை. அமெரிக்காவே கார் பசியில் இருந்தது. டக்கர் ஒரு கனவுக் காரை அறிவித்தார். என்ஜின் பின்னால். மூன்று ஹெட்லைட், நடுவில் இருப்பது ஸ்டியரிங் திரும்பினால் கூடவே திரும்பும். விபத்து நடந்தால் முன் கண்ணாடி வெளியே கழன்று விழும். பத்திரிகைகள் கொண்டாடின. சிகாகோவில் போர் விமான என்ஜின் செய்த பிரம்மாண்டத் தொழிற்சாலையைக் குத்தகைக்குப் பிடித்தார். ஷேர் விற்றார், டீலர்ஷிப் விற்றார். கோடிக்கணக்கான டாலர். போதவில்லை.

1948-ல் ஒரு திட்டம் போட்டார். கார் வேண்டும் என்று காத்திருக்கிறீர்களா? முதலில் அதன் உதிரி அலங்காரச் சாமான்களை வாங்கிக்கொள்ளுங்கள். சீட் கவர், ரேடியோ, காருக்குப் பொருத்தமான பெட்டிகள். வாங்கினால் க்யூவில் உங்கள் இடம் உறுதி.

புரிகிறதா? கார் வரவில்லை. சீட் கவர் விற்பனை ஆகிறது! தாலி கட்டுவதற்கு முன்னால் தொட்டிலுக்கு அட்வான்ஸ். ஏறக்குறைய இருபது லட்சம் டாலர் சேர்ந்தது.

பங்குச் சந்தை ஆணையம் மோப்பம் பிடித்தது. விசாரணை, வழக்கு, பத்திரிகைகளில் தாறுமாறாகச் செய்தி. தொழிற்சாலை முடங்கியது. முன்மாதிரியையும் சேர்த்து மொத்தமே 51 கார்கள். 1950 ஜனவரியில் டக்கர் குற்றவாளி இல்லை என்று ஜூரிகள் விடுவித்தார்கள். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, காரும் பொய் இல்லை. என்ன பிரயோஜனம்? 1956-ல் இறந்து போனார். அந்தக் காரைப் பதிவு செய்துவிட்டு ஏமாந்தவர்களில் ஒருவரின் மகன் 1988-ல் டக்கரைப் பற்றி சினிமா எடுத்தார். காட்ஃபாதர் எடுத்த கப்போலாதான் அந்த மகன்.

பெரிய கார் கம்பெனிகளும் அரசியல்வாதிகளும் சேர்ந்து டக்கரை ஒழித்தார்கள் என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம். மீதிப் பாதி, பி.காம். சீட் கவருக்கு வாங்கிய காசில் கார் செய்யப் பார்த்தார் மனிதர். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை மறந்தால் இதுதான்.

நம் ஊரில் அட்வான்ஸ் வியாபாரம் புதிது இல்லை. நாமக்கல்லில் போய்ப் பாருங்கள். லாரி முதலாளி மொட்டை சேஸிஸை ஓட்டிக்கொண்டு வருவார். பாடி கட்டும் பட்டறையில் அட்வான்ஸ் கொடுப்பார். அந்தப் பணத்தில் மரமும் தகடும் வரும். பாதி வேலையில் இன்னொரு தொகை. பெயின்ட் அடித்து எலுமிச்சம்பழம் கட்டும்போது மீதி. கரூரில் பஸ்ஸுக்கு இதே கதை. பட்டறைக்காரர் பெரிய முதல் இல்லாமல் பெரிய வேலை செய்கிறார் என்றால் காரணம் இதுதான்.

வண்டிச் சாமான் என்றால் நம் ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. டி.வி.சுந்தரம் ஐயங்கார். திருக்குறுங்குடிக்காரர். மதுரையை மையமாக வைத்து பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்தில் மாட்டு லாட ஆணிகள் ரோடெல்லாம் கிடந்து டயரைப் பதம் பார்க்கும். அதற்காக ஒரு வண்டியில் காந்தத்தைக் கட்டி ரோட்டில் ஓடவிட்டு ஆணி பொறுக்கினார் என்று இன்றைக்கும் மதுரைப் பக்கம் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ் ஓட வேண்டுமே? கரியை எரித்து வாயு எடுத்து என்ஜினுக்கு அனுப்புகிற ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’டை வடிவமைத்துச் செய்தார்.

உங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் கரி பஸ் பற்றிச் சொல்லியிருப்பார். பின்னால் ஒரு இரும்பு உருளை. உள்ளே கரி. கிளீனர் கைப்பிடியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவார், கனல் பிடிக்கும் வரை. போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதுதான் எரிபொருள். பெட்ரோலின் வலு அதற்குக் கிடையாது. மேடு வந்தால் “எல்லாரும் எறங்கித் தள்ளுங்க” என்று கண்டக்டர் சொல்லிவிடுவார். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு, தள்ளவும் வைத்த ஒரே போக்குவரத்து! ஜெர்மனியில் போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் உருளைகள் எல்லாம் காயலான் கடைக்குப் போயின. நெருக்கடியில் பிறந்த சாமானுக்கு ஆயுசு அவ்வளவுதான். கால்வினின் எலிமினேட்டரும் அப்படிப்பட்டதுதான். ஆனால் இரண்டு பேரும் அந்தச் சாமானோடு சேர்ந்து காயலான் கடைக்குப் போகவில்லை.

பிறகு நம் ஊரில் காத்திருக்கிற காலம் வந்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்கு வருடக் கணக்கில் க்யூ. 1983-ல் மாருதி காருக்கு பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்தார்கள், லட்சத்துக்கும் மேல் ஆட்கள். இன்றைக்கு இண்டர்நெட்டில் படத்தைப் போட்டு முன்பணம் வாங்கிவிட்டு, பிறகுதான் பொருளையே செய்கிறார்கள். அதற்கு க்ரவுட் ஃபண்டிங் என்று ஸ்டைலாக ஒரு பெயர். தென்னேரிப் பட்டறைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

சித்தப்பாவின் ஃப்ரேம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள், இல்லையா?

புதன்கிழமை போனார். ஆகவில்லை. சனிக்கிழமை போனார். ஆகவில்லை. அடுத்த புதன்கிழமை நானும் போனில் கேட்டேன். “நாளைக்குன்றான்” என்றார். இருபது நாள் கழித்து வண்டியில் மாட்டியாகிவிட்டது. நல்ல வேலைப்பாடு, கேன் அசையவில்லை என்றார். ஏன் இவ்வளவு லேட் என்று பட்டறைக்காரரையே கேட்டிருக்கிறார்.

“உங்க அட்வான்ஸ்ல வாங்குன பைப்பு, உங்களுக்கு முன்னாடி குடுத்தவருக்குப் போயிடுச்சு மாமா. உங்களுக்கு அப்புறம் ஒருத்தர் குடுத்தாருல்ல, அதுலதான் உங்களுது.”

சித்தப்பா மீதி ஐந்நூறைக் கொடுத்தார். கூடவே, மழைக்குப் பால் கேனை மூடுகிற மாதிரி மேலே ஒரு கூண்டு செய்ய முடியுமா என்று கேட்டு, இருநூறு ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.